தடியான அஞ்சு ரூபாய்

கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று மரகதவல்லி அந்த சோபாவின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்கார மனசு வரவில்லை. அது ஆளை விழுங்குகிற சோபா. சாய்ந்தால் எழுந்திருக்கும்போது கொசுவம் கசங்கி, கையை ஊன்றி, ஐயோ பாவம் என்று அந்த ரிசப்ஷன் பெண் ஷர்மிளா பார்க்கும்படி ஆகிவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் எம்.டி. இருக்கிறார், கணக்குவழக்குப் பார்க்கிற டைரக்டர் இருக்கிறார், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து உலைக்குப் பொறுப்பான தேவசகாயம் வந்திருக்கிறார். பேச்சு ஒன்றே ஒன்றுதான். இடிக்கிற கட்டிடங்களில் கழற்றின பழைய கண்ணாடியை வாங்கி, உலையில் போட்டு உருக்கி, மறுபடி புதுக் கண்ணாடியாக்குவதைத் தொடர்வதா, இன்றோடு தலைமுழுகுவதா. அந்தப் பழைய கண்ணாடி இவளுடைய பிடிவாதம். சுற்றுச்சூழல் அதிகாரி என்று கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது, கூப்பிடுவதென்னவோ 'ஓட்டை உடைசல் மேடம்'. காதுபடவே கூப்பிடுவார்கள். இவளும் சிரித்துவைப்பாள், வேறென்ன செய்ய. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், பத்தாவது மாடி, மத்தியான வெயில் அதன் மேல் விழுந்து விழுந்து உள்ளே தகிக்கிறது. தகிக்கிறதென்று திரையை இறக்கியிருக்கிறார்கள். திரையை இறக்கினதால் இருட்டு. இருட்டென்று பட்டப்பகலில் விளக்கு. விளக்குச் சூட்டுக்கும் சேர்த்து ஏ.சி. இதைச் சொல்லி எத்தனை கூட்டத்தில் சிரிக்க வைத்திருக்கிறாள். வெளிச்சம் வரட்டும் என்று கண்ணாடி வைத்துவிட்டு வெளிச்சத்தைத் துணி போட்டு மூடுகிற ஜென்மங்கள் நாம் என்பாள், கூட்டம் கொல்லென்று சிரிக்கும். சிரித்துவிட்டுச் சமோசா சாப்பிடப் போவார்கள். இப்போது அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறபோது அதில் சிரிக்க என்ன இருந்ததென்று தெரியவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. கன்னியம்மா. எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? மடியில் கவிழ்த்து வைத்தாள். அது துணிக்குள் பல்லி மாதிரி துடித்து ஓய்ந்தது. கன்னியம்மாதான் ஒரகடம் ரோட்டில் இருக்கிற பழைய கண்ணாடி யார்டில் பெண்களுக்கெல்லாம் மூத்தவள். ரப்பர் ஓரம், அலுமினியச் சட்டம், பசை, சிமெண்டு ஒட்டு எல்லாவற்றையும் பிய்த்து எறிந்து, வெறும் கண்ணாடியை மட்டும் குவிக்கிற வேலை. சின்னக் கல் ஒன்று கூடப் போய்விடக் கூடாதென்று இவள் சொல்லச் சொல்ல, 'அரிசியில கல்லு பொறுக்கறவகிட்ட வந்து சொல்றியேம்மா' என்று கன்னியம்மா வாயை மூடிவிடுவாள். நல்ல வேலைக்காரி. எல்லாருமே நல்ல வேலைக்காரிகள். இந்த யார்டைக் கொண்டுவர இவள் ஏறாத படியா. இருபது வருஷத்தில் ஒரு கட்டிடம் பழசாகிவிடுகிறதாம், முகப்பு பிடிக்கவில்லையாம், இடித்துவிடுகிறார்கள். இடித்த கண்ணாடி ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏறி ஏதோ ஒரு ஏரிக் கரையில் கொட்டப்படுகிறது. மக்காது, கரையாது, ஆயிரம் வருஷத்துக்கும் அங்கேயே கிடக்கும். மேய வருகிற மாட்டுக் காலைக் கிழிக்கும். அதே சமயம் இந்தப் பக்கம் புதுக் கண்ணாடிக்கு மணல் தோண்டுகிறோம், மணலை உருக்க ராப்பகலாக எரிக்கிறோம். பழசைச் சேர்த்தால் மணலும் மிச்சம், எரிபொருளும் மிச்சம், புகையும் குறைச்சல். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? யாருக்கும் புரியாமல் இல்லை, அதுதான் கொடுமை. எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது. 'அருமையான யோசனை மேடம்' என்றார்கள். மேடையில் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள். விருதும் கண்ணாடியில்தான் செய்திருந்தது, தடித் தடியாக, உலையில் போட லாயக்கில்லாத வேறு வகைக் கண்ணாடி. வீட்டு ஷெல்ஃபில் இடமில்லாமல் புருஷன் கருணாகரன் அதில் ஒன்றைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறான். 'இதுக்காவது ஆச்சே' என்றான். சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை, கதவு நிஜமாகவே சாத்தாமல் நின்றது.

ஷர்மிளா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். 'இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போல மேடம்.' பரவாயில்லம்மா என்றாள் மரகதவல்லி. கண்ணாடி டம்ளர். வெளியே வேர்த்திருந்தது. எடுக்கக் கை போய் நின்றது. போன மாசத்திலிருந்து இப்படித்தான், எந்தக் கண்ணாடியைத் தொடப் போனாலும் ஒரு நொடி கை தயங்குகிறது. செங்கல்பட்டு தாண்டி ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. வாசலுக்கு மேலே கண்ணாடிப் பந்தல், இவர்கள் கம்பெனிக் கண்ணாடி, பழைய கண்ணாடி சேர்த்து உருக்கின முதல் சரக்கில் வந்தது. ஒரு மத்தியானம், காற்றில்லை, மழையில்லை, யாரும் கல்லெறியவில்லை, டமாரென்று வெடித்துக் கொட்டியது. கீழே, குழந்தை பிறந்து ரெண்டாம் நாள் பெண்டாட்டிக்குப் பிளாஸ்கில் பால் வாங்கிக்கொண்டு வந்த பையன். தலையில் தையல், தோளில் தையல். பொடிப்பொடியாக உடைகிற கண்ணாடிதான், ஆனாலும் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொண்டு அந்த உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும்? இவள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். போகாதீங்க என்று ஆபீஸில் சொன்னார்கள், போனாள். அவன் கோபப்பட்டிருக்கலாம். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட தலையோடு சிரித்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் போலக் கேட்டான்: 'கண்ணாடி தானா ஒடையுமா மேடம்?' உடையும்பா. உள்ளே நிக்கல் துகள் ஒன்று இருந்தால் உடையும். கண்ணுக்குத் தெரியாத துகள். கெட்டிப்படுத்தின கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு, மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஊதி, ஒரு நாள் வெயிலில் வெடிக்க வைக்கும். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. 'பாத்துக்கறோம் தம்பி' என்றாள். என்னத்தைப் பார்த்துக்கொண்டாள்! சோதனையில் நிக்கல் என்றுதான் வந்தது. உடனே எல்லாரும் ஒரே குரலில், பழைய கண்ணாடியில் நிக்கல் கலந்த ஏதோ ஸ்டீல் ஸ்க்ரூ வந்திருக்கிறது, பழைய கண்ணாடியென்றாலே இப்படித்தான், அன்றைக்கே சொன்னோம் என்றார்கள். ஸ்க்ரூ வராது என்று இவள் கத்தினாள். கன்னியம்மா கையில் ஸ்க்ரூ தப்பாது. எங்கிருந்து வந்தது அப்புறம் என்றார் தேவசகாயம். இன்று காலை வரைக்கும் இவளுக்கும் தெரியாது.

இன்று காலை வரைக்கும். அதோடு நின்றிருக்கக் கூடாதா மனசு. ஏ.சி. பஸ்ஸில் கண்டக்டர், 'அஞ்சு ரூபா சில்லறை இருந்தா குடும்மா' என்றார். இருக்கே என்று இவள் பர்ஸின் சின்ன அறையைத் திறந்தாள். அங்கே எப்போதும் ஒரு தடியான அஞ்சு ரூபாய் கிடக்கும். பழைய காசு, இப்போது அடிக்கிறதில்லை, கையில் கனக்கும். செலவழிக்க மாட்டாள், சும்மா கிடக்கட்டும் என்று வைத்திருப்பாள், சில்லறை கேட்டால் மட்டும் விரல் தன்னால் அங்கே போகும். இப்போதெல்லாம் எல்லாம் போனிலேயே போய்விடுவதால் அந்த அறையைத் திறந்தே ரொம்ப நாளாயிற்று. இன்றும் போனது. இல்லை. எங்கே போச்சு என்று விரலால் துழாவினபோதே, பஸ் கிண்டியில் திரும்பினபோதே, தெரிந்துவிட்டது. யார்டில் முதல் லோடு ஏற்றின நாள். பெண்கள் எல்லாரும் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். லாரிக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். கன்னியம்மா பூசணிக்காயைக் குடைந்து குங்குமம் கொட்டி, 'காசு போடும்மா, நீதான் போடணும், ஒன்னாலதான இதெல்லாம்' என்றாள். இவள் சில்லறை எடுத்து நீட்டினாள். 'ஐய, இது தகடாட்டம் கீது. கனமா ஒண்ணு குடு.' கனமாக ஒன்று கொடுத்தாள். சுற்றிப் போட்டுவிட்டுக் கன்னியம்மா வழக்கம்போல ரோட்டுக்கு நடந்தாள், நடு ரோட்டில் உடைக்க. அப்போது வாயைத் திறந்தது யார்? இதே மரகதவல்லிதான். 'ரோட்ல வேணாம், டூவீலர்காரங்க வழுக்கி விழறாங்க, வருஷா வருஷம் பாக்கறோமே, உள்ளயே ஓரமா உடைங்க.' சரிதானே சொன்னது? சத்தியமாகச் சரிதான். உள்ளேயே ஓரமாக உடைத்தார்கள், ஏற்றக் காத்திருந்த குவியலுக்குப் பக்கத்தில். ரோட்டில் உடைத்திருந்தால் பிள்ளைகள் ஓடிவந்து காசைப் பொறுக்கியிருக்கும். யார்டுக்குள் பிள்ளைகள் வரக் கூடாது, காலில் குத்திவிடும் என்று போர்டு வைத்ததும் இவள்தான். அதுவும் சரிதான். எல்லாம் சரி, ஒன்றொன்றும் சரி, கூட்டிப் பார்த்தால் ஒரு பையன் மண்டையில் தையல். பூசணிச் சிதறலைக் கூட்டி அள்ளினார்கள், குவியலுக்குள் தெறித்த காசை யாரும் தேடவில்லை, குங்குமம் பட்ட கண்ணாடியைக் கழுவினார்கள், கை தட்டினார்கள். இரும்பாக இருந்தால் உலைக்குப் போகிற வழியில் வைத்திருக்கிற காந்தம் பிடித்திருக்கும். அந்தக் காசைக் காந்தம் பிடிக்காது, அது செம்பும் நிக்கலும் கலந்தது. இத்தனை வருஷம் கண்ணாடிக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவளுக்கு அது தெரியும். அன்றைக்கும் தெரியும். தெரிந்தது எதுவும் அன்று ஞாபகத்துக்கு வரவில்லை, அன்று சந்தோஷமாக இருந்தாள்.

போன் மறுபடி. கன்னியம்மா. எடுக்காதே. எடுத்தால் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவோம், ஷர்மிளா பார்ப்பாள். டம்ளர்த் தண்ணீர் குடிக்கப்படாமலே வேர்வை வடிந்து மேஜையில் வட்டமாக நின்றது. சொல்லிவிட வேண்டும். உள்ளே போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்: பழைய கண்ணாடி மேல தப்பில்லை சார், காசு விழுந்திருக்கு, நான் போட்ட காசு. சொன்னால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். ஓட்டை உடைசல் மேடம் பூசணிக்கா மேடம் ஆவாள். ஆகட்டுமே, மயிரே போச்சு. யார்டுப் பெண்களை, மூடநம்பிக்கைக் கும்பலென்று துரத்துவார்கள். அதுதான் பொறுக்காது. உடைக்கச் சொன்னது நான், போடச் சொன்னது நான் என்று மொத்தத்தையும் தன் மேல் இழுத்துக்கொண்டால்? தன் வேலை போகும், போகட்டும், யார்டு நிற்குமே. ஒரு தடவை நடந்த பிசகு, இனிமேல் நடக்காது என்று சொன்னால், ஒருவேளை, ஒருவேளை தொடரலாம். அதைவிடப் பெரிசு ஒன்று இருக்கிறது, காலையிலிருந்து அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் திரும்புகிறாள். அந்த லோடு எந்த நாளில் உலைக்குள் போனது என்று தெரியும். அப்படியென்றால் எந்தெந்த நாள் கண்ணாடியில் அந்தத் துகள் இருக்கும் என்றும் சொல்லிவிடலாம். அந்தக் கண்ணாடி எங்கெங்கே போயிருக்கிறதென்று தேடிக் கழற்றிவிடலாம். ஏதோ ஸ்க்ரூ, என்றைக்கோ விழுந்தது என்று விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு காசு உருகினால் எத்தனை துகள்? ஆயிரமா, அதற்கும் மேலா. எங்கே இருக்கின்றன இப்போது? பள்ளிக்கூட வராந்தாவிலா, யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கிற பால்கனித் தடுப்பிலா. காலையில் இந்தக் கட்டிடத்துக்குள் வந்தபோது வாசலில் புதுக் கண்ணாடிப் பந்தலைப் பார்த்தாள். போன வருஷம் மாற்றினது, நம்ம கண்ணாடிதான் என்று வாட்ச்மேன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதன் கீழேதான் நடந்து வந்தாள். குனிந்துகொண்டு வந்தாள், யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். கண்ணாடி தானா ஒடையுமா மேடம்? தானா உடையாதுப்பா. யாரோ காசு போட்டிருக்கணும். ஐயோ, கடவுளே, நல்லது செய்கிறேன் நல்லது செய்கிறேன் என்று வெயிலில் அலைந்து, கண்டவன் காலிலெல்லாம் விழுந்து, கடைசியில் இதைத்தானா செய்தோம்? ஒன்றும் செய்யாமல் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பையன் பால் பிளாஸ்கோடு பத்திரமாக உள்ளே போயிருப்பான். அந்த ஏரியில் இன்னும் கொஞ்சம் கண்ணாடி சேர்ந்திருக்கும், அவ்வளவுதானே. சொல்லிவிடுவேன். கதவு திறந்ததும் சொல்லிவிடுவேன். என்ன ஆனாலும் சரி.

கதவு திறந்தது. தேவசகாயம் மட்டும் வந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. உலைக்கு முன்னால் நின்று நின்று காய்ந்துபோன மனுஷன், ஏ.சி.யிலும் வேர்க்கும். எழுந்தாள். 'உள்ள வரச் சொன்னாங்களா சார்?' அவர் பக்கத்து சோபாவில் உட்கார்ந்தார். அவரையும் அது விழுங்கியது. 'உட்காருங்க மேடம். எம்.டி. அந்தப் பக்கத்து லிஃப்டுல போயிட்டார். ஃபிளைட்டு.' 'என்னைக் கூப்பிடவே இல்லையே.' 'கூப்பிடுற மாதிரி ஒண்ணுமில்ல. நிறுத்திடுறதுன்னு காலையில டீ குடிக்கும்போதே முடிவாயிடுச்சு. இப்ப பேசினது ஆஸ்பத்திரிக்காரங்களை எப்படிச் சமாளிக்கறதுன்னுதான்.' அவள் சொல்ல ஆரம்பித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பஸ் கண்டக்டரில் ஆரம்பித்து, பூசணிக்காய், குங்குமம், ரோடு, குவியல், காந்தம் என்று கோர்வையில்லாமல் கொட்டினாள். தப்பு என்னுது சார், அந்தப் பொம்பளைங்க மேல ஒண்ணுமில்ல என்று ரெண்டு தடவை சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நிமிர்ந்து ஷர்மிளா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். 'வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?' 'இல்ல.' 'அப்ப சொல்லாதீங்க.' 'சார், எந்த ரெண்டு மூணு நாள் கண்ணாடின்னு இப்ப தெரியும் சார். தேடிக் கழட்டிடலாம்.' 'அதனாலதான் சொல்லாதீங்கங்கறேன்.' அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். 'தெரியாதுங்கற வரைக்கும் கம்பெனிக்கு நல்லது. தெரிஞ்சிடுச்சுன்னா எத்தனை கட்டிடம், எத்தனை ஜன்னல், யாரு கழட்டுவா, யாரு குடுப்பா? பழைய கண்ணாடி சரியில்ல, நிறுத்திட்டோம்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நம்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் புதுசா மாத்திக் குடுக்கறோம்.' 'மத்ததெல்லாம்?' அவர் கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தார். கெட்டவரில்லை. அவளுக்காக அந்த முதல் லோடை உலைக்குள் விடச் சம்மதித்தவரே அவர்தான். 'ஒடையும்போது பாத்துக்கலாம்' என்றார். பிறகு, எழுந்திருக்கச் சிரமப்பட்டுக் கையை ஊன்றிக்கொண்டு, 'எனக்கும் பொண்ணு பிள்ளைங்க இருக்கு மேடம், எனக்குத் தூக்கம் வரும்னு நெனைக்காதீங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிஃப்டில் கண்ணாடி. நாலு பக்கமும் மரகதவல்லி. நரை தெரிகிற, பொட்டு லேசாக நகர்ந்த, தோல்பையை மார்போடு அணைத்த மரகதவல்லி. பொட்டைச் சரி செய்தாள், பழக்கம். கருணாகரனிடம் சொல்லலாமா, பேப்பர்காரர்களிடம் சொல்லலாமா, யார் நம்புவார்கள், தேவசகாயம் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்பார், காசு கையில் இல்லை, காசு இருக்கிற இடத்தை எடுத்துக் காட்டவும் முடியாது. நாளைக்கே சொல்கிறேன். நாளைக்கா? இன்றே. யாரிடம்? ஒன்பது, எட்டு, ஏழு என்று எண் இறங்கிற்று. கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைத்தார். கதவு தானாக விலகியது. அனல் அடித்தது. மேலே அந்தப் பந்தல், வெயிலில் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அதன் கீழே நாலு எட்டு நடந்தால் ரோடு. நடக்க வரவில்லை. பின்னாலிருந்து யாரோ இடித்துக்கொண்டு போனார்கள், போனைப் பார்த்தபடி, சாவகாசமாக அதன் கீழேயே நின்று ஆட்டோவுக்குக் கை காட்டினார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. தள்ளிப் போங்க என்று. என்னவென்று கேட்டால்? போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. எடுத்தாள்.

'யம்மா, எங்க கீற? எத்தினி வாட்டி அடிக்கறது!' கன்னியம்மாவின் குரலுக்குப் பின்னால் பெண்களின் சிரிப்பும், கண்ணாடியை மண்வெட்டியில் அள்ளுகிற சலசலப்பும் கேட்டன. 'கிண்டியில இடிச்சாங்களே, அந்த சரக்கு பூரா ரெடி பண்ட்டோம். ஒரு தூசி இல்ல, வந்து பாரு, கண்ணுல ஒத்திக்கலாம். லாரியும் வந்து நிக்குது.' மரகதவல்லி, 'கன்னியம்மா' என்றாள். 'இன்னாம்மா கொரலு ஒரு மாதிரி கீது? ஒடம்பு சரியில்லயா? சரி சரி, வா, வந்தா எல்லாம் சரியாப்பூடும். மொத லோடுக்கப்புறம் இதான் பெரிய சரக்கு, பூசணிக்கா வாங்கியாச்சு. நீ சொன்ன மாரியே ரோட்ல ஒடைக்கல, உள்ளயே எடம் கூட்டி வெச்சிக்கீறேன். காசுதான் சுளுவுல கெடைக்கல, அந்தத் தடி அஞ்சு ரூபா. ஊரெல்லாம் தேடி, மளிகைக் கடை பாய்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, கெஞ்சி வாங்கியாந்தேன். வேற யாரு போட்டாலும் செரிப்படாது. மொத லோடு நீ போட்டதுதான எவ்ளோ நல்லபடியா போச்சு. உன் கை ராசியான கைம்மா.' 'வேணாம், நான் வர்ற வரைக்கும் எதுவும் பண்ணாதீங்க' என்று எப்படியோ சொன்னாள். 'நீ வராம எப்டிம்மா பண்ணுவோம்!' என்று கன்னியம்மா சிரித்தாள். 'சீக்கிரம் வா, நல்ல நேரம் போயிடப் போவுது.'